மணி செய்யக் கொண்டுவந்த குண்டு

நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் வயிற்றில் கிடக்கிற அருவருப்பைக் கொட்டாமல் நன்றி வாயில் வராது. சபையார் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆடியில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ மண்ணைத் தோண்டித் தங்கக்காசு எடுப்பதை யூடியூபில் பார்த்துவிட்டு, மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் காட்டிக்கொடுக்கிற கருவி ஒன்றை வரவழைத்தார். அன்றிலிருந்து ஜெபக்கூட்டமும் இல்லை, வீட்டு நினைப்பும் இல்லை. அன்னூருக்கு வெளியே ஒரு பொட்டல் காடு இருக்கிறது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் அங்கே முகாம் போட்டிருந்ததாகச் சொல்வார்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அங்கேயே அலைந்தார். தங்கம் தங்கம் என்று அவர் பேசும்போது பார்க்கவே அசிங்கமாக இருக்கும்.

கிடைத்தது ஓர் இரும்பு. முழங்கை நீளம், கூரான நுனி, அடிப்பக்கம் ஒரு செம்புப் பட்டை. அதை நான் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் போட்டு, என் புளியையே எடுத்து, கம்பி பிரஷால் கரகரவென்று தேய்த்தார். துருவும் புளியும் சேர்ந்து வந்த நாற்றம் இன்னும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

"ஏனுங்க, இது குண்டாட்ட இருக்குதுங்க. தொடாம வெச்சுப்போட்டுப் போலீசுக்குச் சொல்லுங்க" என்றேன்.

"குண்டாவது மண்டாவது! எம்பது வருசம் மண்ணுக்குள்ள கெடந்தது அம்மணி. எப்பவோ செத்துப்போச்சு. போலீஸ் வந்தா மிஷினையும் புடுங்கீட்டுப் போயிருவாங்க."

பட்டை செம்புதான், தங்கம் இல்லை என்று தெரிந்ததும் அது காணிக்கை ஆகிவிட்டது. எங்கள் ஜெப வீட்டில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டுத்தான் மணியடிப்போம். அதற்குப் பதிலாக இதைத் தொங்கவிடலாம் என்றார். எங்கள் சபைச் செயலாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "ஆண்டவரு குடுத்த மணிங்க" என்று கைகூப்பினார்.

சங்கிலி மாட்ட அதில் ஓட்டை போட வேண்டும். எங்கள் பக்கத்தில் இரும்பைக் கண்டால் யாரும் யோசிப்பதில்லை, நேராக லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். இரும்பைப் பார்த்துப் பயப்படுவது கோயமுத்தூர்க்காரனுக்கு மானக்கேடு. பட்டறை வேறு வீட்டோடு ஒட்டியே இருக்கிறது. நடத்துகிறவன் எங்கள் ஒரே மகன் ஜெபராஜ்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதைத் துளை போடுகிற மெஷினில் இறுக்கிக்கொண்டிருந்தான். "வேண்டாம் கண்ணு" என்று கையைப் பிடித்தேன். "ஒரே நிமிசமுங்கம்மா, வெறும் இரும்புங்க" என்று சிரித்தான். போலீசைக் கூப்பிட என் போனை எடுத்தேன். என் வீட்டுக்காரர் போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கட்டின புருஷன்மேல் அந்த நிமிஷம் எனக்கு வந்த வெறுப்பை எழுத்தில் எழுத முடியாது.

பட்டறை வாசற்படியில், மெஷினில் சீவி விழுந்த இரும்புச் சுருள்களின் மேலேயே முழங்கால் போட்டேன். பெரிய ஜெபம் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, என் பிள்ளை கையை நிறுத்தும். எப்படியாவது நிறுத்தும்." மெஷின் சுற்ற ஆரம்பித்தது. இரும்பை உரசுகிற சத்தம் கேட்டது.

படார்!

முடிந்தது என்று நினைத்தேன். கண்ணைத் திறக்கத் தைரியம் இல்லை. திறந்தபோது பிள்ளை முழுசாக நின்றுகொண்டிருந்தான். மெஷின் ஓடவில்லை. கரண்ட் போயிருந்தது. வெடித்தது வெளியே இருந்த டிரான்ஸ்ஃபார்மர். அதன்மேல் வந்து உட்கார்ந்த ஒரு மயில் கருகிக் கீழே விழுந்து கிடந்தது.

என் வீட்டுக்காரர் அதைப் பார்க்க ஓடினார். நான் மகனுடைய போனை எடுத்து நூறுக்கு அடித்தேன். போலீஸ் வந்து தெருவையே காலி செய்தது. பிறகு வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். மெஷின் போட்ட கீறலைப் பார்த்த அதிகாரிக்கு வேர்த்துவிட்டது.

"உள்ள மருந்து அப்படியே இருக்குதுங்கம்மா. வயசானா செத்துப்போவாதுங்க, இன்னும் மோசமாயிரும். எடுத்ததே தப்பு. தேச்சது, தட்டுனது, துளை போட்டது, ஒவ்வொண்ணும் சாவுங்க."

மணல் மூட்டை அடுக்கி, பத்திரமாக எடுத்துப்போய், ஆளில்லாத ஒரு பள்ளத்தில் வெடிக்க வைத்தார்கள். அத்தனை தூரத்திலும் எங்கள் வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்கே அந்தக் கருவியைப் போலீசிடம் கொடுத்தார். இன்றுவரை என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசுவதில்லை. நானும் அவசரப்படவில்லை.

அருவருப்பு அதோடு முடிந்ததா? இல்லை. செத்த மயிலின் தோகையைப் பிடுங்க நம் ஆட்களே போட்டி போட்டார்கள். கருகின உடம்போடு செல்ஃபி எடுத்தார்கள். செயலாளர், "நாங்க ஜெபிச்சதாலதான் தப்பிச்சீங்க" என்று வாட்ஸப்பில் போட்டார். ஆண்டவர் கொடுத்த மணி என்று கூப்பின அதே கை!

எங்கள் தோட்டத்துக்கு வருகிற மயில்களை நான் எத்தனை தடவை சபித்திருக்கிறேன் தெரியுமா? தக்காளிச் செடி ஒன்றைக்கூட முளைக்க விட்டதில்லை அவை. இப்போது அவற்றை விரட்ட எனக்குக் கை வருவதில்லை. தின்றுவிட்டுப் போகட்டும்.

என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. வராமல் போயிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே சொல்கிறேன், நம்புங்கள், முழங்கால் போடுங்கள். ஆனால் மண்ணில் இப்படி ஏதாவது கண்டால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். தள்ளிப் போய் நூறுக்கு அடியுங்கள். புத்தியைக் கொடுத்தவரும் அவர்தானே?

ஜெப வீட்டில் அதே பழைய தண்டவாளத் துண்டுதான் தொங்குகிறது. கணீர் என்று கேட்காது, டங் டங் என்றுதான் கேட்கும். எனக்கு அது போதும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதை அடிப்பவன் என் பிள்ளை.