தம்பிக்கு அப்பா வைத்த பெயர்

என் தம்பிக்கு ரஷ்யாவின் யுத்தகாலத் தலைவருடைய பெயர். வைத்தவர் அப்பா. மாத்தளைக்கு அருகே, சுற்றுலாக்காரர்கள் இறங்கிப் பார்க்கும் வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் அவருக்கு வேலை. ஏலம், கராம்பு, சாதிக்காய் பற்றிப் பேசும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தத் தலைவரைப் பற்றித்தான் பேச்சு. இங்கிலாந்தும் அமெரிக்காவும் பெயருக்குத்தான் கூட்டுச் சேர்ந்தன, ஹிட்லரை முறியடித்தது எங்கள் ஆள்தான் என்பார். அவர் சொல்லும் தோரணையில் அந்தத் தலைவர் எங்கள் பக்கத்து ஊரான உக்குவளையில் பிறந்தவர் என்றே தோன்றும்.

“சொந்த சனத்தையே கொன்னவருன்னு சொல்றாங்களே” என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

“பெரிய யுத்தம் புள்ள. நாலு பேரு கஷ்டப்படத்தான் செய்வாங்க.”

பள்ளி விடுமுறையில் ஒருநாள் நாங்களும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். ரஷ்யாவிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் வயதான அம்மா ஒருவர், அப்பா கொடுத்த ஏலக்காயை முகர்ந்து முகர்ந்து சிரித்தார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியை இழுத்து முன்னால் நிறுத்தி, மொழிபெயர்க்க வந்திருந்த முஸ்லிம் வழிகாட்டி நானாவிடம், “இவன் பேர சொல்லுங்க நானா, சந்தோசப்படுவாங்க” என்றார்.

பெயரைக் கேட்டதும் அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. தாழ்ந்த குரலில் நீண்ட நேரம் பேசினார். வழிகாட்டி எங்களைப் பார்த்துத் தயங்கினார்.

“சொல்லுங்க நானா.”

“இவங்கட வாப்பாவ அந்த ஆளுட ஆக்கள் வந்து கூட்டிட்டுப் போனாங்களாம். ஏனெண்டும் சொல்லல்ல, கொன்ன பொறகு மையத்தக்கூட காட்டல்ல. பொறகு சண்டை. டவுன சுத்தி ஜெர்மன்காரன். திங்க ஒண்டுமில்லாம இவங்கட தம்பி மௌத்தாப் போனானாம். இவன் வயசுதானாம்.”

அந்த அம்மா தம்பியின் கன்னத்தைத் தொட்டு இன்னும் ஏதோ சொன்னார்.

“பிள்ளைல குத்தமில்லயாம்.”

அப்பா இரண்டு கைகளையும் கூப்பினார். “மன்னிச்சுக்கச் சொல்லுங்க, தெரியாம…” என்று தொடங்கியவர் நிறுத்தினார். “தெரியாமன்னு சொல்ல வேணாம் நானா. மன்னிச்சுக்கச் சொல்லுங்க, அது போதும்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒரு தவறும் செய்யாத என் அப்பா, தோட்டத்து ஆட்களெல்லாம் பார்க்க, ஒரு வெள்ளைக்காரியின் முன் தலைகுனிந்து நிற்கிறாரே! வீடு வரும்வரை அவரோடு சேர்ந்து நடக்காமல் பின்தங்கியே நடந்தேன்.

அவர் நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“ஒங்கண்ணனையும் இப்படித்தான விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போனாங்க. ஒங்கிட்டப் போயி நான் இவ்வளவு நாளா அந்த ஆளப் புகழ்ந்துக்கிட்டு…”

அம்மா முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதாள்.

எனக்கு ஒரு மாமா இருந்ததையே வீட்டில் யாரும் அதுவரை சொன்னதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, நாட்டின் ஒரு கெட்ட காலத்தில் விசாரணைக்கென்று கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராதவர் அவர். அப்பா சொன்ன அண்ணன் யார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அந்த ரஷ்ய அம்மாவின் தகப்பனை நினைத்துத்தான் அம்மா அழுகிறாள் என்று எண்ணினேன். முன்பின் தெரியாத ஒருவருக்காக யாராவது இப்படி அழுவார்களா என்று எரிச்சலாகக்கூட இருந்தது.