தீர்த்தம் கலந்த ஸ்பிரிட்

கண்டிச் சந்தைக்குப் பின்னால் பொலிஷ் பட்டறை போட்டவன் நான். தெல்தெனியவில் கலியாண அலுமாரி என்றால் அதில் என் கை பட்டிருக்கும். கலஹாப் பக்கத்துத் துரைமார் பங்களாக்களில் முகம் தெரிகிற சாப்பாட்டு மேசைகளெல்லாம் நான் தேய்த்தவை. படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. கைதூக்கிவிட ஒருவரும் இருக்கவில்லை. இப்போது மணிக்கட்டு மடங்குவதில்லை, சோறு மணப்பதில்லை. அலுத்துவிட்டது. ஒரு காரியத்தை மட்டும் எழுதிவிட்டு ஓய்கிறேன்.

ஸ்பிரிட்டும் சாராயமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். குடித்துவிடக் கூடாதென்று ஸ்பிரிட்டில் விஷச் சரக்கைக் கலந்து விற்பார்கள். அடுப்புப் பற்றவைக்க, கண்ணாடி துடைக்க என்று வீடுகளிலும் வைத்திருப்பார்கள். எனக்கோ அது அரக்குக் கரைக்க. அரக்கு தண்ணீருக்கு மசியாது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். துணியில் சுற்றிய பஞ்சால் தேய்த்தால் ஸ்பிரிட் காற்றோடு போகும், அரக்கு மரத்தில் பளபளவென்று நிற்கும். தண்ணீர் கலந்தால் போச்சு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மாதா கோவிலில் மரப் பீடத்துக்குப் பொலிஷ் போட்டேன். மறுநாள் சாயந்தரம் திருநாள் கொடியேற்றம். காலையில் போய்ப் பார்த்தால், முந்தின நாள் தேய்த்ததெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. வேலைக்குப் போகிற சனங்கள் வாசலில் நின்று வாயில் கை வைத்தார்கள்.

கோவிலைப் பார்த்துக்கொண்ட மூப்பர் கேட்டார்: "என்னா தம்பி, பீடத்துக்குச் சுண்ணாம்பா அடிச்சிருக்க? கண்டியில இதுதான் புது மோஸ்தரா?"

கோவிலிலேயே வைத்திருந்த என் ஸ்பிரிட் போத்தலிலிருந்து கொஞ்சம் பீங்கானில் ஊற்றிக் கொளுத்தினேன். நெருப்பு அணைந்த பிறகும் அடியில் தண்ணீர் நின்றது.

"மூப்பரே, இதுல என்னாத்த ஊத்துனீங்க?"

மூப்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. "கள்ளுக்கடை மாதிரி நாறுச்சு தம்பி. மாதா பீடத்துல அப்படியேவா பூசுறது? நீ பூசுறதுக்கு முன்னாடியே கொஞ்சம் தீர்த்தம் ஊத்தி மந்திரிச்சேன்."

"கொஞ்சம்னா?"

"போத்தல் கழுத்து வரைக்கும்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை. பஸ் பிடித்துக் கண்டிக்குப் போய்ப் புது ஸ்பிரிட் வாங்கி வந்தேன். வெளுத்த அரக்கை அதனாலேயே கரைத்துத் துடைத்தேன். கரிச் சட்டியை வெளியே தூரத்தில் வைத்துத் துணிகளைச் சூடுகாட்டி, மரத்தின் ஈரத்தை ஒற்றி எடுத்தேன். பிறகு முதலிலிருந்து பூச்சு. தோள் கழன்றுவிடும்போல இருந்தது. மூப்பர் பக்கத்திலேயே நின்றார்.

"தம்பி, தீர்த்தத்தால கெட்டுப்போச்சுன்னு வெளிய சொல்லிடாத. சனங்க மனசு ஒடஞ்சிரும்."

சொல்லவில்லை. வேலை விட்டு வந்த சனங்கள் மின்னுகிற பீடத்தைப் பார்த்து முழங்காலில் விழுந்தார்கள். காலையில் வெளுத்தது மாலையில் மின்னினால் அவர்களுக்கு அது மாதா செய்த புதுமை, அற்புதம். சுவாமியாரும் பிரசங்கத்தில் அப்படியே சொன்னார். நான் கடைசி வரிசையில், தூக்கிக் கும்பிட முடியாத கையோடு நின்றேன். அதன்பின் ஒவ்வொரு திருநாளிலும் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன்.

மூப்பர் காலமாகிவிட்டார். அவருக்குக் கொடுத்த வாக்கு அவரோடு முடிந்தது. கோவிலின் கதையெல்லாம் சேர்த்து ஒரு மலர் அச்சடித்துப் போடப்போவதாகச் சொல்கிறார்கள். புதுமை என்றே போடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அதற்குக் கீழே, அன்று பீடத்தைத் தேய்த்தவன் நான் என்று என் பெயரோடு ஒரு வரி போடவேண்டும். மாதா கோபிக்கமாட்டாள். முழு நாளும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தானே.