எக்ஸ்ரே வேனுக்கு வந்த தண்ணீர்

எழுபதுகளில் நான் காசநோய் எக்ஸ்ரே வேனில் படம் எடுக்கும் வேலையில் இருந்தேன். ஒரு சித்திரையில் திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தோம். நெசவாளர்கள் வரிசையில் நிற்கும்போதே, வேனின் பின்பக்கம் இருந்த ஜெனரேட்டர் சூடேறி நின்றுவிட்டது.

டிரைவர் திறந்து பார்த்தார். ரேடியேட்டரில் பஞ்சுத் தூசி அடையடையாக அப்பியிருந்தது. காற்று போக வழியில்லாமல் தண்ணீர் கொதித்து வற்றியிருந்தது. பஞ்சைச் சுரண்டி எடுத்தோம். ஊற்றத்தான் தண்ணீர் இல்லை. அந்தக் கோடையில் ஊருக்கு வெளியே ஒரே ஒரு கிணற்றில்தான் தண்ணீர் இருந்தது.

அங்கிருந்து நேராக வந்து, குடத்தோடு வரிசையின் கடைசியில் நின்ற பெண் இருமிக்கொண்டே முன்னால் வந்தார்.

"இத்த ஊத்திக்கோங்க. நான் போய் வேற மொண்டுகினு வரேன்."

"உங்க முறை வந்துடுமேம்மா."

"அதுக்குள்ள வந்துடுவேங்க. பேரு கனகா, எய்திக்கோங்க."

சூடு தணிந்ததும் ஊற்றினோம். ஜெனரேட்டர் ஓடியது. மற்ற எல்லோருக்கும் படம் எடுத்து முடித்துக் கனகாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. "கிளம்பிடலாம் சார்" என்றார் டிரைவர். ஏறிவிட்டேன்.

ஆடியில் மறுபடி போனபோது கனகாவின் கணவர் என்னைத் தேடி வந்தார்.

"ரத்தமா கக்கினா சார். ஆசுபத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள போயிட்டா. அன்னிக்கு குடத்த வெச்சிட்டு ஓடியாந்தாளாம், வண்டி போயிடுச்சாம்."

கோபமில்லாமல் சொல்லிவிட்டு, அவரும் வரிசையில் போய் நின்றார்.

திருத்தணிக்குத் திரும்ப எனக்கு அன்று என்ன அவசரம் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.