பாத்தி நீரில் சாகாத கிருமியும் ஆரோக்கியமேரியும்

மரக்காணத்து உப்பளத் தோழர்களே! பாத்தியில் கால் வெந்து உழைக்கும் தாய்மாரே! புண்ணில் இருக்கும் கிருமி எது என்று இரண்டு நாளில் சொல்லிவிடும் சோதனை நம் ஊரிலேயே நடந்துவந்தது. அதை நிறுத்தினார்கள். அதை நடத்திய பெண்ணையே அந்தச் சோதனையில்லாமல் பறிகொடுத்தோம். இந்தக் குற்றச்சாட்டை முன்வைக்காமல் அவருக்கு அஞ்சலி சொல்ல எனக்கு வராது.

செய்தி வந்தபோது கிளியனூரில் பேருந்துக்கு நின்றிருந்தேன். உப்பு வாரும் முனியம்மாள்தான் அழைத்தார். "அண்ணா, லேப்பம்மா போயிட்டாங்கண்ணா. கால்ல சின்ன காயம்தானே, அதுக்கா ஒரு உயிரு போவும்?" பேருந்து வந்தது, ஏறாமல் நின்றேன்.

நம் ஊர் அரசு ஆய்வகப் பணியாளர் ஆரோக்கியமேரியை நான் அறிந்தது என் பிழை ஒன்றால். கால் கிழிந்தால் வரப்பில் குந்திப் பாத்தி நீரை மொண்டு ஊற்றிக்கொள்வது நம் வழக்கம். எரியும், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இறங்குவோம். ஒரு சங்கக் கூட்டத்தில் அதையே வீரமாக்கி, "உப்பில் எந்தக் கிருமியும் உயிர் வாழாது!" என்று முழங்கினேன். கைதட்டல் ஓயுமுன் சோற்றுப் பையோடு ஒரு மெலிந்த பெண் என் எதிரே வந்து நின்றார்.

"நல்லா பேசுனீங்கண்ணா. ஆனா கடைசியா சொன்னது பொய். நாளைக்கு லேப்புக்கு வாங்க, காட்டுறேன்."

"யாரும்மா நீ?"

"உங்க தோழருங்க கால்ல சீழு எடுக்குறவ."

மறுநாள் போனேன். வட்டத் தட்டுகளில் செந்நிறக் கூழ் உறைந்திருந்தது. நுண்ணுயிர்களுக்கு அவர் சமைத்த இரை அது. அதில் உப்பு மிகுதி. கூடவே, சில மரங்களின் சாற்றிலும் கடற்பாசியிலும் ஊறும் மேனிட்டால் என்னும் இனிப்பு. "இவ்ளோ உப்புல மத்த கிருமிங்க பெரும்பாலும் எழும்பாதுண்ணா. புண்ணுல சீழு வைக்கிற இந்தக் கிருமி எழும்பும். எழும்பி இந்தச் சர்க்கரையைத் தின்னும். தின்னா செவப்பு மஞ்சளாயிடும்." முனியம்மாள் காலிலிருந்து எடுத்த சீழைத் தடவிய தட்டு மஞ்சளாகிக் கிடந்தது. அந்த மஞ்சளைக் கண்டபின் அடுத்த தட்டில், அந்தக் கிருமி எந்த மருந்துக்கு மடியும் என்று பார்ப்பார்.

"என்னண்ணா, மேடையில இடி இடிச்சீங்க, இங்க சத்தமே காணோம்?" என்றார். நாணத்தை மறைக்க, மேனிட்டாலுக்குத் தூய தமிழ்ப்பெயர் என்ன என்று கேட்டுவைத்தேன். சிரித்துவிட்டார். "பேரை அப்புறம் வைங்க. மொதல்ல பாத்தித் தண்ணி ஊத்தாதீங்கன்னு சொல்லுங்க."

அவரே அளத்துக்கு வந்தும் சொன்னார். "எங்கப்பன் காலத்துலேர்ந்து ஊத்துறோம், செத்தா போயிட்டோம்?" என்று முதியவர் ஒருவர் சீறினார். "செத்தவங்க வந்து சொல்ல மாட்டாங்க மாமா. காலைக் காட்டுங்க" என்றார் மேரி. முதியவர் முனகிக்கொண்டே காலை நீட்டினார்.

பிறகு மேனிட்டால் புட்டி காலியானது. மேரி எழுதிக் கேட்டார். மாதிரிகளை நகரத்துக்கு அனுப்பினால் போதும் என்று சுகாதாரத் துறை மேலிடம் விடை எழுதியது. நகரத்து முடிவு வருமுன் புண் எலும்பைத் தொட்டுவிடும் என்று மறுபடி எழுதினார், விடையே இல்லை. என்னிடம் வந்தார். கூலிப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வேளை அது. "இது சின்னச் செய்திம்மா, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்" என்றேன். அடுத்த கூட்டத்திலும் பேசவில்லை. தோழர்களே, மேலிடத்தைக் குற்றஞ்சாட்டும் இந்த நாக்கும் குற்றமுடையது.

சென்ற மாதம் அளத்தில் சீழ் எடுக்க வந்தவரின் காலைக் கிளிஞ்சல் கிழித்தது. நல்ல நீரில் கழுவினார், கட்டுப் போட்டார். ஆயினும் வீங்கியது. தம் சீழைத் தாமே எடுத்து நகரத்துக்கு அனுப்பினார். நான்காம் நாள் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "இங்கயே பண்ணியிருந்தா முந்தா நேத்தே மஞ்சளைப் பாத்திருப்பேன்ணா" என்றார். சினம் இல்லை அந்தக் குரலில். அதுதான் என்னைச் சுட்டது. கிருமி எதுவென்று தெரியாமல் உத்தேசமாகக் கொடுத்த மருந்து கேட்கவில்லை.

தேவாலயக் கல்லறையில் அவரைப் புதைத்த மறுநாள் முடிவு வந்தது. அதே கிருமி. கொடுத்த மருந்துக்கு நேரே, பயனில்லை என்று குறித்திருந்தது. பயன்தரும் என்று குறித்த மருந்தோ, அவர் கிடந்த மருத்துவமனை அலமாரியிலேயே இருந்தது.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. எவர் துன்பத்தையும் சின்னச் செய்தி என்று இனி சொல்லமாட்டேன் என்ற உறுதியும் இருக்கிறது. மேரியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவ்வளவே.

கண்ணீர் போதும். இக்கூட்டம் இப்படியே கலையக் கூடாது. இப்போதே சுகாதாரத் துறை அலுவலகத்துக்கு நடப்போம். சோதனைப் பொருள் வரவேண்டும். மேரியின் இடத்தில் ஆள் அமர வேண்டும். அதற்கான எழுத்தாணை நம் கைக்கு வரும்வரை அந்த வாயிலை விட்டு நகரமாட்டோம். காலில் கட்டுப் போட்டவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். எழுந்திருங்கள்!