புரட்டாசியில் வந்த கறித்துண்டு

கேழ்வரகுக் களியை எங்கள் பக்கத்தில் மெல்ல மாட்டோம். உருட்டி, குழம்பில் தொட்டு, அப்படியே விழுங்கிவிட வேண்டும். அந்தக் களி ஒருநாள் கரும்புக்கொல்லையில் என் நெஞ்சுக்கு நடுவில் நின்றுவிட்டது. ஒரு சொம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் இறங்கியது. மறுநாளும் அதே இடம். சோறு இறங்கியது, இட்லி இறங்கியது, களி மட்டும் நின்றது. பயத்தைவிட எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்படி உள்ளே என்னதான் உட்கார்ந்திருக்கிறது?

என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. "தொக்கம்தான். எடுத்துட்டா சரியாப்பூடும்" என்றாள். உள்ளே சிக்கிய தீனியை உறிஞ்சி எடுப்பவர்களிடம் போவது எங்கள் ஊரில் வழக்கம். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஓர் அம்மாளிடம் போனோம். வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சியவர், உள்ளங்கையில் எதையோ துப்பிக் காட்டினார். கறித்துண்டு.

"பாருண்ணே, எம்மாம் பெருசு!"

"இது புரட்டாசிம்மா. நாங்க கறியே துன்றதில்ல."

"பழசா இருக்கும்."

"பழசுன்னா நாறணுமே? மொளகு வாசனை இல்ல வருது!"

எனக்கு வாய் ஜாஸ்தி. மனைவி தொடையைக் கிள்ளினாள். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அவளே சொன்னாள்: "டாக்டராண்ட போலாங்க."

கள்ளக்குறிச்சி டாக்டர், மெட்ராஸ் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொன்னார். அது இடஒதுக்கீட்டு மறியல் நேரம். புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். மறியலில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமென்று நானும் நம்பினேன். அதே வாயால், எப்போது பஸ் ஓடும் என்றும் தினம் கேட்டுக்கொண்டிருந்தேன். வழி திறந்த பிறகுதான் கிளம்பினோம்.

"கேன்சர்தான். ஆனா ஆரம்பம்" என்றார் மெட்ராஸ் டாக்டர். "கஞ்சிகூட எறங்காதப்பதான் நிறைய பேர் வர்றாங்க. நீங்க எப்படி இவ்ளோ சீக்கிரம் வந்தீங்க?"

களியைப் பற்றிச் சொன்னேன். மென்று தின்கிறவராக இருந்தால் இன்னும் பல மாதம் தெரிந்திருக்காது என்றார்.

உணவுக்குழாயை வெட்டியெடுத்துவிட்டு, இரைப்பையைக் குழாய்போல ஆக்கி மேலே இழுத்துக் கழுத்தில் தைப்பார்களாம். பயம் அப்போதுதான் வந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எரப்பை மேல வந்துட்டா அந்த எடத்துல இன்னா சார் இருக்கும்?"

"குடல் நகர்ந்துக்கும்" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "தையல் ஒட்டணும். கசிஞ்சா உயிருக்கே ஆபத்து."

ஆபரேஷன் முடிந்து வாய்வழியாக ஒரு சொட்டும் இல்லை. குடலில் செருகிய குழாயில்தான் ஆகாரம். என் வாய் எதற்கு இருக்கிறது என்றே யோசித்துக்கொண்டு கிடந்தேன். ஒருநாள் மருந்தை விழுங்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். கசிவில்லை. பிறகு நர்ஸ் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்தார்.

விழுங்கினேன். கழுத்தைத் தாண்டியது. அந்தப் புது வழியில் குளிர்ச்சி போவதை நான் கண்ணை மூடித் தேடிக்கொண்டிருந்தேன். மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"எறங்கிச்சாங்க?"

"எறங்கிச்சி."

ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து என் கண்ணெதிரில் அவள் ஒரு வாய் தின்றதில்லை. பொட்டலத்தோடு வராண்டாவுக்குப் போய்விடுவாள். அன்று கட்டிலோரம் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, நான் பார்க்கப் பார்க்க இட்லி தின்றாள்.