இளவரசுக்கு உடம்பு தேறிய கதை

கடலூர்-சிதம்பரம் தனியார் பஸ்ஸில் நான் டிரைவர், இளவரசு கண்டக்டர். தனியார் வண்டியில் பின்னால் வருகிறவன் முந்திவிட்டால் வசூல் போச்சு. அப்படிப்பட்ட வண்டியை நடுவழியில் நிறுத்தச் சொல்லி முள்ளுக்காட்டுக்கு ஓடும் வியாதி அவனுக்கு வந்தது. போனால் ரத்தம். இன்னொரு தடவை வண்டி நின்றால் ஆளை மாற்றிவிடுவேன் என்றார் ஓனர். அவனுக்கு வேறு வேலை தெரியாது.

சிதம்பரம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். பெருங்குடலில் புண், மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார். மெசலமைன் மாத்திரையும், படுக்கும்போது ஆசனவாய் வழியாக ஏற்றும் மருந்தும் கொடுத்தார். மாமியாரும் படுக்கிற ஒற்றை அறை வீட்டில் அதை எப்படி ஏற்றுவான்? பிரிக்காமலே கிடந்தது. நோய் முற்றியதும் ஸ்டீராய்டு எழுதினார். அதைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்திவிட வேண்டும். கூடவே அசாதயோபிரின், வேலை செய்ய மாதக்கணக்காகும், அடிக்கடி ரத்தத்தைச் சோதித்துப் பார்க்கணும், ஆனால் நீடித்துக் காப்பது அதுதான் என்று படித்துப் படித்துச் சொன்னார்.

ஸ்டீராய்டு சீக்கிரமே ரத்தத்தை நிறுத்தியது. நன்றாகப் பசித்தது. கன்னம் உப்பியது. நம் ஊரில் கன்னம் உப்பினால் ஆள் தேறிவிட்டான் என்று அர்த்தம். அது மருந்து செய்த வீக்கம் என்று யாருக்குத் தோன்றும்?

"மாப்ள இப்பத்தான் பாக்க நல்லா இருக்காரு" என்று மாமியார் பூரித்தாள். மனைவி கனிமொழி சுற்றிப்போட்டாள்.

மெதுவாக வேலை செய்யும் மாத்திரையை விட்டுவிட்டான். ரத்தப் பரிசோதனைக்கு லீவு போட வேண்டுமே. ஸ்டீராய்டை மட்டும் பழைய சீட்டைக் காட்டி திருப்பாதிரிப்புலியூர் மருந்துக் கடையில் வாங்கி வாங்கி விழுங்கினான். கடைக்காரன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வாயா தேய்ந்துவிடும்?

இந்த மழைக்காலத்தில் அந்த மருந்தும் கைவிட்டது. புதுச்சத்திரம் தாண்டியதும் படிக்கட்டிலேயே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றிய ஸ்டீராய்டுக்கும் ரத்தம் நிற்கவில்லை. இன்னொரு ஊசி இருக்கிறது, உள்ளே காசநோய் ஒளிந்திருந்தால் அதைக் கிளப்பிவிடும், அது இல்லையென்று பார்த்துவிட்டுப் போடலாம் என்றார்கள். அதற்குள் குடல் வீங்கி ஓட்டை விழும் நிலைக்கு வந்துவிட்டது. பெருங்குடலை அறுத்தெடுத்து, வயிற்றில் துளையிட்டு, மலம் இறங்க ஒரு பையை ஒட்டினார்கள்.

கனிமொழி கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. கண் விழித்த இளவரசு டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"இனிமே வண்டிய வழியில நிறுத்த வேணாம்ல சார்?"

வேண்டாம் என்றார் டாக்டர். தைத்த வயிறு வலிக்க வலிக்க, அவன் நிம்மதியாகச் சிரித்தான்.