கார்பைட் டின்னில் போட்ட நாய் ரொட்டி

அழுகிய பூண்டின் நாற்றம் எங்கிருந்து வந்தாலும் எனக்கு எங்கள் நாய் ஜிம்மியின் நினைவு வரும். கூடவே கோபமும் வரும். அறுபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளுக்கான "லைன்" வீடு ஒன்றில் இருந்தோம். அம்மா அதிகாரிகளின் கிளப்பில் பாத்திரம் துலக்கினார். அங்கே வெட்டி ஒதுக்கும் ரொட்டி ஓரங்களை வாரம் ஒருமுறை முந்தானையில் கட்டிவந்து, மூன்று வெயில் காயவைத்து, மண்பானையில் மூடிவைப்பார். ஜிம்மிக்குக் காலையில் ஐந்து துண்டு, மாலையில் ஏழு; எண்ணிப் போடுவது நான். "எறும்பு பூந்தா தட்டி எடுத்துடலாம், ஈரம் பூந்தா தூக்கித்தான் போடணும்" என்பார் அம்மா.

ஓர் ஐப்பசி மழையில் பானைக்குள் பூஞ்சை பிடித்தது. அப்பா சுரங்கத்திலிருந்து காலி கார்பைட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். விளக்கெரிக்கும் கார்பைடில் ஈரம் பட்டால் வாயு பொங்கும் என்பதால் காற்றுப் புகாத மூடி போட்ட டின் அது. அந்தப் பயத்திலேயே அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவவும் அவர் சம்மதிக்கவில்லை. உலர்ந்த துணியால் நான்கு முறை துடைத்தார், அவ்வளவுதான். ரொட்டியோ அந்த வாரம் சரியாகக் காயவில்லை. டின்னில் போட்டதும் அதன் ஈரமும் மூலையில் ஒட்டியிருந்த கார்பைட் தூளும் சேர்ந்து வாயு கிளப்பின.

அன்று மாலை ஜிம்மி ஏழு துண்டையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. மூன்றாம் நாள் மாலைக்குள் முப்பத்தொரு துண்டுகள் தொடப்படாமல் கிடந்தன. எங்கள் லைனில் எல்லா ஆண்களின் சட்டையிலும் கார்பைடின் அந்தப் பூண்டு நாற்றம் இருந்ததால் டின்னின் நாற்றம் யார் மூக்கிலும் உறைக்கவில்லை. பக்கத்து வீட்டு மேஸ்திரி எட்டிப் பார்த்து, "இன்னாண்ணே, மூணு நாளா தின்னலன்னா வெறிதான். காலைல நாய் புடிக்கிறவங்கள வரச் சொல்லிட்டேன்" என்றார். அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லையா? பார்த்தார்கள். நாயைக் குற்றம் சொல்வது சுலபமாக இருந்தது.

அம்மாதான் டின்னுக்குள் தலையை விட்டார்.

"வெறி நாய்க்கில்லய்யா, உன் டின்னுக்கு!"

"கார்பைட் டின்னு கார்பைட் வாசனதான் அடிக்கும்" என்றார் அப்பா.

"அதத்தான் அது மூணு நாளா சொல்லுது!"

தன் பங்குக் களியில் பாதியை அம்மா வைத்தார்; ஜிம்மி விழுங்கியது. காலையில் வந்தவர்கள் முன்னும் மீதிக் களியை வைத்துக் காட்டி, அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

இப்போது இதே தங்கவயலில், மகன் வீட்டில் கோகோ என்றொரு நாய். மகன் தினம் பெங்களூருக்கு ரயிலில் போய்வருபவன். பெரிய மூட்டையாக நாய்த் தீனி வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் பழையதன் மேலேயே புதியதைக் கொட்டி, பையை எறிந்துவிட்டு, டப்பாவை வெயிலடிக்கும் ஜன்னலோரம் வைத்திருந்தான். போன வாரம் கோகோ தின்பதை நிறுத்தியது.

"சேட்டைப்பா அதுக்கு. பக்கத்து ஊரு பேத்தமங்களால ஒருத்தர் கேக்குறாரு, குடுத்துடலாம்" என்றான் மகன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூடியைத் திறந்தேன், சிக்குப்பிடித்த எண்ணெய் நாற்றம். "மோந்து பாருடா" என்றேன்.

"இன்னும் அஞ்சு மாசம் டேட் இருக்குப்பா. பைமேல போட்டிருந்துச்சி."

"அந்தப் பை எங்கடா?"

வெளியே குப்பைத்தொட்டிப் பக்கம் கை காட்டினான்.

அடியில் கிடந்த தூள்வரை கொட்டி, சோப்புப் போட்டு மூன்று முறை கழுவி, இரண்டு நாள் டப்பாவை உலரவைத்தேன். புதிதாகச் சின்ன மூட்டையாக வாங்கச் சொல்லி, பையோடே உள்ளே இறக்கி, அதன் வாயை மூன்று மடிப்பு மடித்து மூடி, வெயில் படாத அலமாரிக்கடியில் வைத்தேன்.

சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அந்தப் பூண்டு நாற்றம் இன்று இந்த ஊரில் எந்தச் சட்டையிலும் இல்லை. டின்னுக்குள் தலையை விட்டுப் பார்க்க அம்மாவும் இல்லை. நாயின்மேல் பழி போடுவது மட்டும் அப்படியே இருக்கிறது. நேற்று பேத்தமங்களாக்காரர் புதுச் சங்கிலியோடு வந்து வாசலில் நின்றார். கோகோ நான் எண்ணிப் போட்ட தொண்ணூறு தீனி மணிகளையும் தின்றுவிட்டுத் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. அவரை ஒரு நிமிடம் நின்று பார்க்கச் சொன்னேன். பிறகு வெறும் சங்கிலியோடு அனுப்பினேன்.